விழா முடியட்டும்

ஒரு பழைய மாணவி



“நீ என்னதான் வேலை செய்கிறாய்?” என்று என்னைக் கேளாத உறவினர் இல்லை. பிழைப்புக்கு நான் ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதுகிறேன். அது அவர்களுக்குப் புரிகிறது. மாலை ஆறு மணிக்கு மேலும், ஞாயிறு முழுவதும் நான் செய்கிற வேலைதான் புரிவதில்லை. சிந்தாதிரிப்பேட்டையில் எங்கள் பங்கின் இளையோர் குழுவுக்கு நான் வழிகாட்டி. “மடத்துக்குப் போகப் போகிறாயா?” என்று பெரியம்மா கேட்கிறார். “இல்லை” என்றால், “பின்னே, பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற வேலையா?” என்கிறார். “சம்பளம் உண்டா?” என்பது சித்தப்பாவின் கேள்வி. அதற்கும் “இல்லை” என்று பதில் வந்ததும் அவர் மழையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்.

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று தலைமையாசிரியச் சகோதரி கேட்டபோது, இந்தக் கேள்விக்குப் பதிலாக இனிமையாக நாலு பக்கம் எழுதி அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். எழுத உட்கார்ந்தபோது, இனிமையாக எழுதுவதற்கு முன்னால் உண்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

இளைஞர் பணி என்பது பெரும்பாலும் சின்னச் சின்ன வேலைகளால் ஆனது. உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்பித் தருவது. சந்தில் நடக்கும் கிரிக்கெட்டுக்கு நடுவராக நிற்பது, அங்கே இரு தரப்பிலும் திட்டு வாங்குவது. கிதாருக்குக் கம்பி வாங்கி வருவது. முதல் வேலை கிடைத்த பையனோடு துணிக்கடைக்குப் போய் அவன் அம்மாவுக்குப் புடவை எடுக்க உதவுவது. ஒரு நாள், அப்பா குடித்துவிட்டு வந்த இரவில் அத்தை வீட்டில் போய்ப் படுத்துக்கொண்ட ஒரு பிள்ளைக்காக, காலையில் அவள் வீட்டுக்குப் போய்ப் புத்தகப் பையையும் சீருடையையும் வாங்கி வந்தேன். அன்று அவளுக்குக் கணக்குப் பரீட்சை. இன்னொரு நாள், தம்பியை டெங்குவுக்குப் பறிகொடுத்த ஒருவன், “கடவுள் அன்று எங்கே போயிருந்தார்?” என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. மீன் மார்க்கெட்டு ஓரத்தில் இருந்த டீக்கடையில் அவனோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இருவரும் பேசவில்லை. அடுத்த ஞாயிறு அவன் கோயிலுக்கு வந்தான்.

ஆண்டு முடிவில் நாங்கள் ஓர் அறிக்கை தர வேண்டும். எத்தனைக் கூட்டங்கள் நடந்தன, எத்தனைப் பேர் வந்தனர், என்னென்ன விழாக்கள் கொண்டாடப்பட்டன, புகைப்படங்கள் இணைக்கப்பட்டுள்ளனவா என்று அதில் கட்டங்கள் இருக்கும். புத்தகப் பை வாங்கி வந்ததற்கு அதில் கட்டம் இல்லை. டீக்கடையில் பேசாமல் உட்கார்ந்திருந்ததற்கும் கட்டம் இல்லை. கட்டம் இல்லாத வேலையை நாளடைவில் நாமே வேலையாக நினைப்பதில்லை. கட்டம் உள்ள வேலையே வேலை என்றாகிவிடுகிறது. இந்தத் தவற்றில் நானே விழுந்தேன். எப்படி என்று சொல்வதற்கு முன் எங்கள் பேட்டையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்.

தறிகளின் பேட்டை

கூவம் ஆறு மூன்று பக்கமும் வளைந்து செல்ல, நடுவில் ஒரு கைப்பிடி நிலம்போல இருப்பது சிந்தாதிரிப்பேட்டை. 1734-ஆம் ஆண்டு, கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், கம்பெனிக்குத் துணி நெய்து தருவதற்காக நெசவாளரைக் கொண்டுவந்து இங்கே குடியேற்றினார்கள். அதுவரை அது சுங்குராமர் என்ற வணிகரின் தோட்டம். ‘சின்னத் தறிப்பேட்டை’ என்பதே சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்று சொல்வார்கள். இன்று தறிச் சத்தம் இல்லை. அச்சகம், பைண்டிங் கடை, மீன் மார்க்கெட்டு, மேலே பறக்கும் ரயில் என்று வேறு சத்தங்கள் உண்டு. அன்றும் இன்றும் இது உழைத்துப் பிழைப்பவர்களின் ஊர். நேப்பியர் பூங்கா என்று முன்பு பெயர் பெற்றிருந்த எங்கள் பூங்காவுக்கு இன்று மே தினப் பூங்கா என்று பெயர். 1923-இல் சிங்காரவேலர் இந்தியாவிலேயே முதன்முறையாக மே தினம் கொண்டாடியதும் இந்தச் சென்னையில்தான். அதே மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாகத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955-இல் நமக்குத் தந்தார்.

தறியில் பாவு என்றும் ஊடை என்றும் இரண்டு நூல் உண்டு. பாவு நீளவாட்டில் இழுத்துக் கட்டப்பட்டு அசையாமல் இருக்கும். ஊடை குறுக்கே ஓடி ஓடி வண்ணம் காட்டும். பார்க்கிறவர் கண்ணில் படுவது பெரும்பாலும் ஊடையின் வண்ணம்தான். ஆனால் பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளி தறியை நிறுத்துவார். அறுந்த இழையைத் தேடி எடுத்து முடிச்சுப் போட்ட பிறகே மேலே நெய்வார். “இந்த முழம் முடியட்டும், பிறகு பார்க்கலாம்” என்று அவர் சொல்வதில்லை. சொன்னால் துணி கெட்டுவிடும். நான் சொன்னேன்.

அந்த நவம்பர்

உலக இளையோர் நாளை ஒவ்வொரு மறைமாவட்டமும் கிறிஸ்து அரசர் பெருவிழாவன்று கொண்டாடலாம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் அறிவித்ததால், 2021 முதல் நவம்பர் மாதம் எங்களுக்கு ஓயாத மாதமாகிவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு நவம்பர். விழாவுக்கு இரண்டு வாரம் இருந்தது. நாடகம், நடனம், பாடற்குழு என்று மூன்று ஒத்திகைகள் ஒரே கூடத்தில் நடந்தன. வெளியே மழை. கிறிஸ்து அரசருக்கான கிரீடத்தை அட்டையில் வெட்டித் தங்கநிறத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தேன். கை முழுவதும் பசை.

ஒரு பெண் வந்து வாசற்படியில் நின்றாள். பத்தாம் வகுப்புப் படிப்பவள். வேறு பள்ளி. அவள் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. குழுவில் அதிகம் பேசாதவள். பாட்டுப் புத்தகங்களை எண்ணி அடுக்கி வைப்பாள், கூட்டம் முடிந்தால் பாயைச் சுருட்டுவாள். “அக்கா, ஒரு நிமிஷம் உங்ககிட்டப் பேசணும்” என்றாள்.

நான் தலை நிமிராமலே, “விழா முடியட்டும்மா, அப்புறம் நிதானமா உட்கார்ந்து பேசலாம்” என்றேன்.

“சரிக்கா” என்றாள். போகவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து கத்தரிக்கோலை எடுத்து, கிரீடத்துக்குத் தங்கத் தாளில் சின்னச் சின்ன முக்கோணங்களாக வெட்டிக்கொடுத்தாள். அரை மணி நேரம் இருந்திருப்பாள். பிறகு, “மழை விட்டிருக்கு, நான் கிளம்பறேன்க்கா” என்று எழுந்து போனாள்.

விழா சிறப்பாக நடந்தது. நாடகத்துக்குக் கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. புகைப்படங்கள் வந்தன. அறிக்கையில் எல்லாக் கட்டங்களும் நிரம்பின. அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மூன்றாம் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவள் வீட்டைத் தேடிக் கூவம் கரைக்குப் போனேன். வீடு இல்லை. வரிசையாக இருந்த வீடுகள் எதுவும் இல்லை. நீல வெள்ளையடித்த அரைச்சுவர் ஒன்றும், சிமெண்டுத் தரையும், அதில் ஓர் அடுப்புக் கரியும் இருந்தன. “பெரும்பாக்கத்துல வீடு குடுத்துட்டாங்கம்மா. லாரியில சாமான் ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க” என்று பக்கத்தில் இட்லி விற்கும் அம்மாள் சொன்னார்.

2015-ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பிறகு கூவம் கரையோரக் குடும்பங்கள் பல இவ்வாறு நகரத்தின் தென்கோடிக்குக் குடிபெயர்ந்தன என்பது நீங்கள் அறிந்ததே. ஆற்றங்கரையில் வெள்ளத்துக்கு அஞ்சி வாழ்வதைவிட உறுதியான கட்டடத்தில் வாழ்வது நல்லதல்லவா என்று கேட்கலாம். நல்லதுதான். ஆனால் பெரும்பாக்கம் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து இருபது கிலோமீட்டருக்கும் மேல். வீட்டை லாரியில் ஏற்றலாம்; பள்ளியையும், அம்மா வீட்டுவேலை செய்யும் தெருவையும், கடன் தரும் மளிகைக் கடையையும் ஏற்ற முடியாது. அதுவும் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு நவம்பர் மாதத்தில்!

அவள் என்னிடம் கேட்க வந்தது என்ன என்பது பிறகு அவளுடைய தோழியிடமிருந்து தெரிந்தது. மார்ச்சு மாதம் பரீட்சை முடியும்வரை யாராவது ஒரு வீட்டில் அவள் தங்கிப் படிக்க நான் ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேட்க வந்திருக்கிறாள். அவ்வளவுதான். நான்கு மாதம். எனக்குத் தெரிந்து குறைந்தது மூன்று வீடுகள் அவளுக்குக் கதவைத் திறந்திருக்கும். என் வீடு அவற்றில் ஒன்று. அவள் சில வாரம் விடியுமுன் எழுந்து இரண்டு பஸ் மாறி வந்து படித்தாள். அம்மாவுக்குப் பழைய வேலை போய்விட்டது, தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. நின்றுவிட்டாள். அந்த ஆண்டு அவள் பரீட்சை எழுதவில்லை.

என் மனம் எனக்குச் சாதகமாக எத்தனையோ வாதங்களைச் சொல்லிப் பார்த்தது. அவற்றில் ஒன்று சற்று வலுவானது. அதைச் சொல்கிறேன்.

தொன் போஸ்கோ காத்திருக்கச் சொல்லவில்லையா?

1841-ஆம் ஆண்டு டிசம்பர் 8, அமல அன்னையின் திருநாள். இத்தாலியின் தூரின் நகரில், அசிசியாரின் பெயரால் அமைந்த கோயிலில் இளம் குருவான தொன் போஸ்கோ திருப்பலிக்கு உடை அணிந்துகொண்டிருந்தார். பர்த்தலோமேயு கரெல்லி என்ற பதினாறு வயதுப் பையன் உள்ளே எட்டிப் பார்த்தான். தாய் தந்தை இல்லாதவன், கொத்து வேலை செய்பவன். பூசைக்கு உதவத் தெரியாது என்று அவன் சொன்னதால் கோயில் பணியாளர் அவனை அடித்து விரட்டினார். தொன் போஸ்கோ அதைக் கண்டித்து, பையனைத் திரும்பக் கூப்பிட்டார். பூசை முடியும்வரை இருக்கச் சொன்னார். முடிந்ததும் அவனோடு உட்கார்ந்து, எழுதப் படிக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ‘தெரியாது’. கடைசியில், சீட்டியடிக்கத் தெரியுமா என்று கேட்டார். பையன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பிலிருந்துதான் இன்று உலகமெங்கும் பரந்திருக்கும் சலேசியரின் இளைஞர் பணி தொடங்கிற்று என்று அச்சபையார் கொள்வர். 1906-இல் தஞ்சாவூருக்கு வந்திறங்கிய சலேசியர்களும் அந்தச் சிரிப்பின் பிள்ளைகளே.

“தொன் போஸ்கோவும்தானே காத்திருக்கச் சொன்னார்?” என்று என் மனம் வாதாடியது. ஆம், சொன்னார். ஆனால் எதற்காக, எவ்வளவு நேரம்? திருப்பலி முடியும்வரை, அரை மணி நேரம். அதற்கு முன்பே அவனை அழைத்துத் தம் அருகில் இருத்திக்கொண்டார். முடிந்ததும் வேறு வேலைக்குப் போகவில்லை. நானோ ஓர் அட்டைக் கிரீடத்துக்காக இரண்டு வாரம் காத்திருக்கச் சொன்னேன். அரசருக்குக் கிரீடம் செய்யும் அவசரத்தில், அந்த அரசர் யாரில் தம்மைக் காட்டுவதாகச் சொன்னாரோ அந்தச் சிறியவளை வாசற்படியில் நிறுத்தினேன்.

ஒரு வீட்டின் கதவு

எங்கள் பேட்டையிலேயே இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அவர்கள் நம் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஆயினும் நன்மை எங்கே இருந்தாலும் நம்முடையதே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்தின் போதகராக இருந்தவர் டபிள்யூ. டி. சத்தியநாதன். அவருடைய மனைவி அன்னா, திருநெல்வேலிச் சீமையின் புகழ்பெற்ற போதகர் ஜான் தேவசகாயத்தின் மகள். பெண்பிள்ளைகளைப் படிக்க அனுப்பாத அக்காலத்தில், அன்னா அம்மையார் வீடு வீடாகச் சென்று பெண்களுக்குக் கற்பித்தார், பெண்களுக்கெனப் பள்ளிகளும் நடத்தினார்.

1875-இல்தான் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது. 1878-இல் அகமத்நகரிலிருந்து கிருபாபாய் என்ற பதினாறு வயதுப் பெண் மருத்துவம் படிக்கச் சென்னைக்கு வந்தாள். ஊர் புதிது, மொழி புதிது. அவள் தங்கிப் படிக்க இடம் கொடுத்தது சத்தியநாதன் குடும்பம். ஓராண்டில் உடல்நலம் கெட்டதால் மருத்துவப் படிப்பு நின்றது. ஆனால் அந்த வீடு அவளைக் கைவிடவில்லை. பிற்காலத்தில் அவ்வீட்டின் மருமகளாகி, ‘சகுணா’, ‘கமலா’ என்ற நாவல்களை ஆங்கிலத்தில் எழுதினாள். 1894-இல் இளமையிலேயே மறைந்தாலும், இந்தியப் பெண்கள் எழுதிய ஆங்கில நாவல்களின் வரலாற்றில் முதல் பக்கத்தில் நிற்கிறது அவள் பெயர். ஒரு குடும்பம் ஒரு பெண்ணுக்கு ஓர் அறையைக் கொடுத்ததன் விளைவு இது. நூறாண்டுக்கும் மேலான பிறகு, அதே பேட்டையில் ஒரு பெண் அதையேதான் கேட்க வந்தாள்.

குழு யாருடையது?

இப்படி ஒரு தவறு நேர்ந்தது என் அசட்டையால் மட்டுமா என்று யோசித்தேன். என் அசட்டைதான் முதற் காரணம். இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் கூடத்தில் அன்று முப்பது பேர் இருந்தார்கள். அவள் வீடு பெயரப்போவது அவர்களில் ஐந்தாறு பேருக்காவது தெரிந்திருக்கும். ஒருவரும் சொல்லவில்லை. ஏன்? சொல்வதற்கு எங்கள் குழுவில் இடமே இல்லை. நாங்கள் கூடினால் நிகழ்ச்சியைப் பற்றிப் பேசுவோம். நம்மைப் பற்றிப் பேச நேரமில்லை.

பெல்ஜிய நாட்டு ஜோசப் கார்டைன் என்ற குருவின் வாழ்க்கை எனக்கு இதில் வழிகாட்டிற்று. 1882-இல் எளிய குடும்பத்தில் பிறந்தவர். அவர் குருமடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, உடன் படித்த சிறுவர்கள் ஆலைகளுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். விடுமுறைக்கு ஊர் வந்தவரைக் கண்டு அவர்கள் விலகிப் போனார்கள். திருச்சபை தங்களுடையது அல்ல என்ற எண்ணம் அவர்களுக்கு. அது அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. 1912-இல் பிரஸ்ஸல்ஸ் நகரை அடுத்த லாக்கன் பங்கில் பணியேற்றபோது, தையல் வேலை செய்யும் இளம்பெண்களைச் சிறு குழுக்களாகக் கூட்டினார். 1925-இல் அது இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கமாக மலர்ந்தது. பின்னால் வந்த இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கமும் அவர் வகுத்த வழியையே பின்பற்றுகிறது.

அந்த வழி மூன்று படிகள் கொண்டது. பார், சீர்தூக்கு, செயல்படு. உன் தெருவில், உன் வகுப்பில் என்ன நடக்கிறது என்று முதலில் கண் திறந்து பார். நற்செய்தியின் ஒளியில் அது சரியா தவறா என்று சீர்தூக்கு. உன்னால் முடிந்த ஒன்றைச் செய்துவிட்டு அடுத்த வாரம் வந்து சொல். திருத்தந்தை இருபத்து மூன்றாம் அருளப்பர் 1961-இல் வெளியிட்ட சுற்றுமடலில் இந்த மூன்று படிகளையும் எடுத்துரைத்து, இளைஞர் இவற்றைப் பழக வேண்டும் என்றார். இளைஞருக்கு முதல் அப்போஸ்தலர் இளைஞரே என்பது கார்டைனின் உறுதி. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் அதையே சொல்லிற்று. 2018-இல் ஆயர் மாமன்றம் இளையோரைப் பற்றியே கூடியது. 2019 மார்ச்சு 25-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் கையொப்பமிட்ட ‘கிறிஸ்து வாழ்கிறார்’ என்ற ஏடும், இளைஞர் பணியை நடத்த வேண்டியவர்கள் இளைஞர்களே என்கிறது. பெண்களின் நியாயமான கோரிக்கைகளுக்குத் திருச்சபை செவிசாய்க்க வேண்டும் என்றும் அது சொல்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் குழுவில் பையன்கள் முடிவெடுப்பார்கள், பெண்கள் தோரணம் கட்டுவார்கள். பணப் பெட்டி பையன்களிடம், டீக் கெட்டில் பெண்களிடம். பாயைச் சுருட்டிய அந்தப் பெண்ணிடம் ஒரு நாளாவது, “நீ என்ன நினைக்கிறாய்?” என்று யாராவது கேட்டோமா? கேட்டிருந்தால், தன் வாழ்க்கைக்கே ஆபத்து வந்த நாளில் வாசற்படியில் நின்று ‘ஒரு நிமிஷம்’ கேட்கும் நிலை அவளுக்கு வந்திருக்காது.

விழாக்களே வேண்டாமா?

விழாவை நான் வெறுக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1995-இல் மணிலாவில் கூடிய இளையோர் பல இலட்சம் பேர். 2023-இல் லிஸ்பனில் கூடினார்கள். 2027-இல் சியோல் நகரில் கூடவிருக்கிறார்கள். ‘நான் தனியாக இல்லை’ என்ற தெம்பை ஓர் இளைஞனுக்கு அத்தகைய விழா தருகிறது. கூச்சப்படும் பிள்ளை மேடையேறி நாலு வரி பேசுவதும் சிறிய காரியம் அல்ல. ஊடை இல்லாமல் துணி இல்லை. ஊடைக்காகப் பாவை அறுக்கக் கூடாது என்பதே என் கருத்து.

“நாம் சமூக சேவை நிலையம் அல்லவே, செபத்தையும் விசுவாசத்தையும் கற்பிப்பதல்லவா நம் வேலை?” என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கு எம்மாவு வழியை நினைவூட்ட விரும்புகிறேன். உயிர்த்த ஆண்டவர் அந்த இரு சீடருடன் சேர்ந்து நடந்தபோது முதலில் என்ன செய்தார்? போதிக்கவில்லை. என்ன பேசிக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்டார். அவர்கள் தங்கள் ஏமாற்றம் முழுவதையும் கொட்டித் தீர்க்கும்வரை கேட்டுக்கொண்டே நடந்தார். அதன் பிறகே மறைநூலை விளக்கினார். அதற்கும் பிறகே அப்பம் பிட்கும் நேரம் வந்தது. கேட்பது செபத்துக்கு எதிரி அல்ல, அதன் வாசல்.

நான் வேண்டுவது

எங்கள் குழுவில் இப்போது சில மாற்றங்கள் செய்திருக்கிறோம். சனிக்கிழமை மாலை நான்கு மணி முதல் ஐந்து மணிவரை ஒத்திகை கிடையாது. விழாவுக்கு முந்தின நாளானாலும் கிடையாது. எட்டு எட்டுப் பேராக உட்கார்ந்து, “போன வாரம் நம் தெருவில் யாருக்கு என்ன நடந்தது?” என்ற ஒரே கேள்வியில் தொடங்குகிறோம். கூட்டத்தை நடத்துவது முறை வைத்து எல்லோரும். கணக்குப் புத்தகம் இந்த ஆண்டு ஒரு பெண்ணிடம் இருக்கிறது. டீயை யார் போடுவது என்பதற்கும் முறை உண்டு. முதல் மாதம் பையன்கள் போட்ட டீயைக் குடிக்கத் தனிப் பொறுமை வேண்டியிருந்தது! நேரத்தை மாலைக்கு முன்னால் கொண்டுவந்த பிறகு, “இருட்டிவிடும்” என்று மகளை அனுப்பாதிருந்த பெற்றோர் சிலர் அனுப்புகிறார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். சில சனிக்கிழமைகளில் யாரும் வாய் திறப்பதில்லை. சும்மா உட்கார்ந்துவிட்டு எழுந்து போகிறோம். அதுவும் நல்லதே.

பெற்றோர்களே, உங்கள் மகள் பங்குக் குழுவுக்குப் போனால் பாட்டும் கூத்துமாகப் பொழுது போகும், படிப்புக் கெடும் என்று அஞ்சுகிறீர்கள். அந்த அச்சத்தில் நியாயமும் இருக்கலாம். வந்து பாருங்கள், கேள்வி கேளுங்கள். ஆனால் மகளைத் தடுக்கும்முன் ஒன்று நினையுங்கள். உங்களிடம் சொல்ல முடியாத ஒன்றை ஒரு நாள் அவள் யாரிடமாவது சொல்ல வேண்டியிருக்கும். அதைக் கேட்க நல்லவர் ஒருவர் இருக்க வேண்டாமா? முடிந்தால், உங்கள் வீட்டையும் அத்தகைய ஒரு வீடாக ஆக்குங்கள். பரீட்சைவரை ஒரு பிள்ளை தங்க ஒரு பாய் விரிக்கும் இடம் போதும்.

அருட்சகோதரிகளே, உங்களிடம் படித்தவள் என்ற உரிமையில் ஒரு விண்ணப்பம். பள்ளி நடுவில், நவம்பரிலோ டிசம்பரிலோ, ஒரு பிள்ளையின் மாற்றுச் சான்றிதழ் கேட்டு யாராவது வந்தால், அன்றே அந்தப் பிள்ளையைத் தனியே அழைத்து ஐந்து நிமிடம் பேசுங்கள். பங்குக்கும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். மோர்னேசு ஊரில் பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்து, அந்தச் சிறிய தையலறையையே ஒரு பெரிய துறவற சபையின் தொடக்கமாக்கிய புனித மரிய மசரெல்லோ, தம் சகோதரிகளிடம் எதிர்பார்த்ததும் அத்தகைய தாய்க் கண்ணைத்தான்.

மாணவத் தங்கைகளே, உங்களுக்கு நான் சொல்வது எளிது. உங்கள் வகுப்பில் ஒரு பெஞ்சு மூன்று நாள் காலியாக இருந்தால் அதைப் பாருங்கள். “அவளுக்கு என்னடி ஆச்சு?” என்று ஒருத்தியாவது கேளுங்கள். கேட்டதை ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள். அந்தப் பெரியவர் வேலையாக இருந்தால், “விழா முடியட்டும்” என்று சொன்னால், போய்விடாதீர்கள். இன்னொரு முறை சொல்லுங்கள். எங்களைப் போன்ற பெரியவர்களுக்குச் சில நேரம் இரண்டு தடவை சொன்னால்தான் காது கேட்கிறது.

அந்தப் பெண்ணைப் பிறகு பார்த்தாயா என்று கேட்பீர்கள். பார்த்தேன். விலாசம் கண்டுபிடித்துப் பெரும்பாக்கத்துக்குப் போனேன். ஒன்றைப்போலவே இருக்கும் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே விசாரித்து விசாரித்துப் படியேறினேன். கதவைத் திறந்தவள், “வாங்கக்கா” என்று பாய் விரித்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று வழியெல்லாம் சொற்களைத் தேடிக்கொண்டு போனேன். நான் வாய் திறக்குமுன்னே அவள், “அந்தக் கிரீடம் நல்லா வந்துச்சாக்கா?” என்று கேட்டாள்.

அடுத்த ஆண்டு அவள் தனித்தேர்வராகப் பரீட்சை எழுதித் தேறினாள். அதற்கு எங்கள் குழுப் பிள்ளைகள் ஞாயிறுதோறும் இருவர் இருவராக முறை வைத்துப் பெரும்பாக்கம் போய்க் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுத்தார்கள். யார் போவது, பஸ்ஸுக்குப் பணம் எங்கிருந்து என்பதையெல்லாம் அவர்களே தீர்மானித்தார்கள். அறிக்கையில் அதற்கும் கட்டம் இல்லை. நானே பேனாவால் ஒரு கட்டம் போட்டு எழுதி அனுப்பினேன்.

இழந்த ஓர் ஆண்டை நாங்கள் அவளுக்குத் திருப்பித் தரவில்லை. அது எங்களால் முடியாது. இனி ஒருத்தியும் அப்படி வாசற்படியிலிருந்து திரும்பிப் போகாதபடி பார்த்துக்கொள்வது முடியும். அதற்கு இறைவன் நமக்குக் கண்ணும் காதும் தந்தருள்வாராக!